அட்டையில் விழுந்த பச்சைச் சொட்டு

அந்தத் தெருவில் மெக்கானிக் என்றால் நாலைந்து பேர் உண்டு. சொட்டு மேஸ்திரி என்றால் ஒருவர்தான்.

பேர் வந்த கதை சின்னதுதான். எந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டினாலும் அவர் அன்றைக்கே சாவியைக் கொடுக்க மாட்டார். கடையைச் சாத்தும்போது எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் டீ குடிக்கிறாரோ இல்லையோ, தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நுழைந்து அந்த அட்டையை இழுத்துப் பார்ப்பார். கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சையாக இருந்தால் ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலண்ட். எதுவானாலும் ஒரு சொட்டு விழுந்திருந்தால் போதும், வண்டி அன்று நகராது. வண்டிக்காரர் தலைகீழாய் நின்று தண்ணீர் குடித்தாலும் சாவி கிடைக்காது.

"ஒரு சொட்டுதானே மேஸ்திரி" என்று யாராவது வாயைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

"உங்க படுக்கைக்கு நேர் மேல கூரை ஒழுகுதுன்னு வைங்க. ஒரு சொட்டுதானேன்னு அங்கயே படுத்துத் தூங்குவீங்களா?" என்பார். கோபக்காரர் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரிடம் பேச்சு வைத்துக்கொள்ள முடியாது. அவர் மனைவியே சொல்வாள்: "கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்கற மனுஷன். வீட்டுக் குழாய் மட்டும் வருஷக்கணக்கா ஒழுகுது, அதுக்கு அடியில அட்டை வைக்க ஆளில்லை."

அவருடைய கொட்டகைக்குப் பக்கத்துச் சுவர்தான் மச்சானின் லேத் பட்டறை. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். நடுவில் ஒரு கதவு. எஞ்சினின் தலையான ஹெட் வளைந்துபோனாலும், அது உட்காருகிற உடம்பான பிளாக்கின் முகம் அரித்துப்போனாலும், அந்தக் கதவு வழியாகத்தான் மச்சானிடம் போகும். இழைத்து, மட்டமாக்கி, கண்ணாடி மாதிரி திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய தகடான கேஸ்கட்டை வைத்து இறுக்கினால் உள்ளே ஓடுகிற கூலண்ட் உள்ளேயே ஓடும். முகத்தில் ஒரு முடியளவு கோணல் இருந்தாலும் போச்சு, அந்த வழியாகக் கசியும். கொடுக்கும்போதெல்லாம் மச்சான் அந்த முகத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, "வச்சுப் பூட்டு மாப்ளே. மூச்சுக் காத்துகூட உள்ள போகாது" என்பார். போகவும் போகாது. அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு கை கிடையாது, சும்மா சொல்லக்கூடாது.

மச்சானுக்கும் மேஸ்திரிக்கும் உறவு பெண் கொடுத்து வந்ததில்லை, அதற்கு முன்னாலேயே வந்தது. மேஸ்திரி அந்தத் தெருவுக்கு வந்தபோது கையில் ஒரு ஸ்பேனர் பெட்டி, அதைவிட்டால் வாய், அவ்வளவுதான் சொத்து. பக்கத்துக் கொட்டகையை ஒதுக்கிக் கொடுத்தது மச்சான். முதல் பெரிய வேலை ஒரு டாக்சி. மேஸ்திரி பூட்டிக் கொடுத்த எஞ்சின் பாதி வழியில் கொதித்து நின்றுவிட்டது. டாக்சிக்காரர் ஓடி வந்து மேஸ்திரியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. மச்சான் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அவரை விடுங்க. ஹெட்டை இழைச்சது நான். என் வேலைதான் தப்பு."

பிறகு டாக்சிக்காரரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு இருவரும் ஹெட்டைத் தூக்கினார்கள். கூலண்ட் ஓடுகிற வழியில் ஒரு துடைப்புத் துணி உருண்டு கிடந்தது. மேஸ்திரி துடைத்துவிட்டு மறந்துபோய் உள்ளேயே வைத்துப் பூட்டிய துணி. மச்சான் அதை வெளியே எடுத்து, பிழிந்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.  அதைப் பற்றி அவர் பேசியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, கல்யாணத்தன்று. "என் தங்கச்சியையும் எங்கயாவது உள்ள வச்சுப் பூட்டிட்டு மறந்துடாதே மாப்ளே" என்று காதில் சொன்னார். மேஸ்திரி சிரித்த சிரிப்பு அங்கிருந்த யாருக்கும் புரியவில்லை.

அந்த டாக்சிச் சம்பவத்துக்குப் பிறகு மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் வந்தது. வேறு பட்டறையில் இழைத்த வேலை எதுவாக இருந்தாலும், பூட்டுவதற்கு முன் மட்டம் பார்க்கிற எஃகுச் சட்டத்தை அதன்மேல் வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பார். அடியில் வெளிச்சக் கோடு தெரிந்தால் கோணல். மச்சான் இழைத்ததில் மட்டும் சட்டம் வைக்க மாட்டார். தன் சட்டையை விடுவிக்கப் பொய் சொன்ன மனிதனின் வேலையை, அவருக்குப் பின்னால் அளந்து பார்ப்பதா? அது மரியாதையில்லை என்று நினைத்தார். மரியாதைதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் இரும்புக்கு மச்சான் மாப்பிள்ளை தெரியுமா?

மச்சானின் கண் எப்போது மங்க ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. முதலில் கண்ணாடியை மாற்றினார். பிறகு மேஜை விளக்கை மாற்றினார். "டயல்ல தூசி மாப்ளே, முள்ளு எங்க நிக்குதுன்னு பாரு" என்று கதவு வழியாகக் கூப்பிட ஆரம்பித்தார். மேஸ்திரியும் போய்ப் படித்துச் சொல்வார். அளவு காட்டும் அந்த டயலில் ஒரு தூசியும் இருக்காது. ஒருநாள் ஆணியில் மாட்டியிருந்த மழைக்கோட்டிடம் "உள்ள வாங்க, ஏன் அங்கயே நிக்கிறீங்க" என்றார். மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். மச்சானும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து போய் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்ததை மேஸ்திரி கவனித்தார். அதோடு அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் முட்டைக்காரரின் வேன் வந்தது.

முட்டைக்காரர் என்றால் பண்ணையிலிருந்து கடைகளுக்கு முட்டை ஏற்றிப் போகிறவர். வாய் ஓயாத மனிதர். கால் இடறி விழுந்தாலும் அதில் ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். "மேஸ்திரி, அடுப்பே வேணாம். முட்டையை எஞ்சின் மேல வச்சா நாலு தெரு போறதுக்குள்ள வெந்துடுது. உரிச்சே டெலிவரி குடுத்துடலாம்" என்றுதான் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். எஞ்சின் அதிகமாகச் சூடாகி, ஹெட், பிளாக் இரண்டின் முகமும் கெட்டிருந்தது. இரண்டும் கதவு வழியாக மச்சானிடம் போயின, திரும்பி வந்தன. "மூச்சுக் காத்துகூட உள்ள போகாது." மேஸ்திரி பூட்டினார். அட்டையை விரித்தார்.

காலையில் அட்டையில் பச்சைச் சொட்டு.

மேஸ்திரி கேஸ்கட்டைத் திட்டினார். "எல்லாம் போலிச் சரக்கு" என்றார். புதிதாக ஒன்றை வாங்கி வந்து ஹெட்டைத் தூக்கி மாற்றினார். மறுநாள் மறுபடியும் சொட்டு, அதே பின்மூலை. போல்ட்டைத் திட்டினார், அதையும் மாற்றினார். ரேடியேட்டர் ஹோஸைத் திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் உண்மையிலேயே கோணல். அதை மட்டும்தான் அவர் சொல்லவில்லை. ஹெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, சுவரில் தொங்குகிற எஃகுச் சட்டத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். கைக்கு எட்டுகிற தூரம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் லேத் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வேலை செய்துகொண்டிருந்தார். பெண்டாட்டி பிள்ளை என்று யாருமில்லாத மனிதர். அந்த மெஷின்தான் குடும்பம். சட்டத்தை வைத்து வெளிச்சம் தெரிந்துவிட்டால், பிறகு அந்த மனிதரிடம் போய் என்ன சொல்வது? மேஸ்திரி சட்டத்தைத் தொடவில்லை.

அதற்குப் பதிலாக அவர் செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் வயிறு எரிகிறது. மற்ற கடைகளில் அதைச் செய்கிறவர்களைக் கண்டாலே எரிந்து விழுகிற மனிதர், அவரே கசிவை அடைக்கிற பொடியை வாங்கி வந்து ரேடியேட்டரில் கொட்டினார். மறுநாள் காலையில் அட்டையை இழுத்தார். சொட்டு சின்னதாகியிருந்தது, நிற்கவில்லை. வாசலில் முட்டைக்காரரின் குரல் கேட்டது. மேஸ்திரி அட்டையைத் திருப்பிப் போட்டார்.

"என்ன மேஸ்திரி, அட்டை பரீட்சையில என் வண்டி பாஸா?"

"பாஸ்தான். கொண்டு போங்க" என்றார். வண்டிக்கடியில் கிடந்த வெள்ளை அட்டையை முட்டைக்காரர் குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். மேஸ்திரி சாவியை நீட்டினார். வண்டி கிளம்பும்போது மட்டும் ஓடிப்போய், "புதுசா பூட்டின எஞ்சின். வழியில நிறுத்தித் தண்ணி இருக்கான்னு மட்டும் அப்பப்போ பாத்துக்கங்க" என்றார். எச்சரிக்கை செய்துவிட்டோம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, மேலே ஒரு இலையையும் போட்டு மூடினாராம்.

இரண்டொரு வாரம் ஓடியது. ஒரு மத்தியானம், நல்ல வெயில், வண்டி நிறைய முட்டை. சூட்டு முள் மேலே ஏறியதைப் பார்த்து முட்டைக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். பொடி போய்க் குழாயை அடைத்திருந்தது. கசிந்து கசிந்து கூலண்ட் குறைந்திருந்தது. முட்டை கெட்டுப்போகுமே என்ற அவசரத்தில் சூடு ஆறக் காத்திருக்காமல் துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் பீறிட்டு அடித்தது.

மேஸ்திரிக்குச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார். முட்டைக்காரரின் வலது கை, கழுத்து, கன்னம் எல்லாம் கட்டு. கண் மட்டும் தப்பியது என்றார்கள். மருந்து மயக்கத்தில் இருந்த மனிதர் மேஸ்திரியை அடையாளம் கண்டுகொண்டு உதட்டை அசைத்தார்.

"நீங்க சொன்ன மாதிரிதான் மேஸ்திரி... நிறுத்தித் தண்ணி பாத்தேன்."

குற்றம் சொல்கிற குரலில்லை. கணக்கு ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார். ரெண்டு அறை அறைந்திருந்தால் மேஸ்திரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வேனைக் கட்டி இழுத்துக்கொண்டுவந்து கொட்டகையில் விட்டார்கள். மறுநாள் மேஸ்திரி ஹெட்டைத் தூக்கினார். இந்த முறை சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். பிளாக்கின் முகத்தின்மேல் குறுக்கே வைத்து, பின்னால் டார்ச்சை அடித்தார். பின்மூலையில் சட்டத்துக்கு அடியில் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக ஓடியது. குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, அவர் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தூக்கை அப்படியே வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னார். துணியைக்கூடச் சொன்னார்; இத்தனை வருஷமாக அவளுக்கும் அது தெரியாது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "கொஞ்ச நாள் முன்னால தெருவுல அண்ணன் எதிர்ல வந்துச்சு. பக்கத்துல போய் நிக்கிறேன், 'யாரும்மா, வழி விடு'ன்னுச்சு. வேணும்னே விளையாடுதுன்னு நினைச்சு நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன்" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விளையாட்டில்லன்னு எனக்கும் தெரியும்ங்க. நினைக்கப் பயமா இருந்தது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்" என்றார் மேஸ்திரி.

 "மச்சான், இதைக் கொஞ்சம் வந்து பாருங்க" என்று மட்டும் கதவு வழியாகக் கூப்பிட்டார். லேத் நின்றது. மச்சான் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே வந்தார். எப்போதிருந்து இப்படிச் சுவரைப் பிடித்து நடக்கிறார்? இதைக்கூடவா பார்க்காமல் இருந்தோம் என்று மேஸ்திரி தன்னையே கேட்டுக்கொண்டார்.

"முட்டைக்காரர் எஞ்சினா? எப்படி இருக்காரு அவரு?" என்று கேட்டபடி மச்சான் குனிந்தார். சட்டத்தை அவரே பிடித்து மூலைக்கு நகர்த்தினார். டார்ச்சை அவரே அடித்தார். வெளிச்சக் கோடு பளிச்சென்று தெரிந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் முகத்தை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"எங்க மாப்ளே? இருட்டாத்தானே இருக்கு. பாத்தியா, மூச்சுக் காத்துகூட..."

"ஆமா மச்சான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கும் அப்படியே போயிருக்கும். வார்த்தை தொண்டைவரை வந்தது. மேஸ்திரி அதை விழுங்கிவிட்டு, இடுக்கு அளக்கிற மெல்லிய எஃகுத் தகடுகளின் கொத்தை எடுத்து மச்சானின் கையில் வைத்தார்.

மச்சான் விரலாலேயே ஒரு தகட்டைப் பிரித்தார். எது எவ்வளவு தடிமன் என்று அவர் விரலுக்குத் தெரியும். சட்டத்துக்கு அடியில் தள்ளினார். அது தட்டுத் தடங்கல் இல்லாமல் உள்ளே போனது. அவர் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. அதைவிடத் தடிமனான ஒன்றைப் பிரித்துத் தள்ளினார். அதுவும் போனது. இன்னொன்று. அதுவும் போனது. நாலாவதைத் தொட்டுவிட்டுப் பிரிக்காமலே கொத்தை மூடினார்.

"போகுதே மாப்ளே" என்றார்.

கொத்தை மாப்பிள்ளையின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான் மச்சான் சட்டம் வச்சேன்."

"அதைக் கேக்கலை. சொட்டு எப்ப விழுந்தது?"

மேஸ்திரி சொன்னார். முதல் நாளே விழுந்தது, மூன்று முறை கழற்றியது, பொடி கொட்டியது, அட்டையைத் திருப்பிப் போட்டது. மச்சான் பிளாக்கின் முகத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே கேட்டார்.

"என் கண்ணு போறது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? டயல் முள்ளு தெரியாம ஆகி எத்தனை காலமாச்சு. டாக்டரும் இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு. கைப்பழக்கத்துல ஓட்டிக்கிட்டிருந்தேன். தப்பு வந்தா நிறுத்திடணும்னுதான் இருந்தேன் மாப்ளே, சத்தியமா. ஒவ்வொரு வண்டி போகும்போதும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். சொட்டு மேஸ்திரி சாவி குடுத்துட்டாரு, அப்ப என் வேலை சரியாத்தான் இருக்குன்னு நினைச்சுக்குவேன்." தடவுவதை நிறுத்தினார். "உன் அட்டையைத்தானே நான் கண்ணா வச்சிருந்தேன்."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கொட்டகையில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. மனைவி அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். புருஷனைப் பிடிக்க அவளுக்கு இன்னொரு கை இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மச்சான் எழுந்தார். "வா, முட்டைக்காரரைப் பாத்துட்டு வரலாம். கையைப் பிடிச்சுக்க. வாசப்படி எனக்குத் தெரியாது" என்றார். அந்தக் கொட்டகைக்கு வாசற்படி வைத்துக் கட்டியதே அவர்தான்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு முட்டைக்காரருக்கு மயக்கம் தெளிந்திருந்தது. கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் "வாங்க" என்றதும், அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்து மச்சான், "எஞ்சினை இழைச்சது நான். என் வேலைதான் தப்பு" என்றார். வருஷங்களுக்கு முன் டாக்சிக்காரரிடம் சொன்ன கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். அன்றைக்குப் பொய், இன்றைக்கு நிஜம்.

"இல்லைங்க" என்றார் மேஸ்திரி. "அவருக்குக் கண்ணு தெரியலை. எனக்குத் தெரிஞ்சது. அட்டையில சொட்டு விழுந்திருந்தது. திருப்பிப் போட்டுட்டுத்தான் உங்க கையில சாவியைக் குடுத்தேன்."

முட்டைக்காரர் அவரையே பார்த்தார். எதற்கும் ஒரு நகைச்சுவை வைத்திருக்கிற மனிதர். இப்போதும் ஏதாவது சொல்லிவிடுவார் என்று மேஸ்திரி நின்றார். திட்டினாலும் சரி, கேலி செய்தாலும் சரி, ஏதாவது ஒன்று. வார்டில் எங்கேயோ ஒரு பாத்திரம் உருண்டது. முட்டைக்காரர் வாயைத் திறக்கவில்லை.

மச்சானுக்கு அந்த அமைதி பிடிபடவில்லை. மேஸ்திரியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"என்ன பண்றாரு மாப்ளே? சிரிக்கிறாரா?"



"இல்ல மச்சான். முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு."